விழுந்து காட்டிப் பிழைத்த கதை

போன மாதம் டாக்டர் பிரவீணா சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். ஜூனியர்கள் ஆப்பிளோடு வந்தால் பின்னாலேயே ஏதோ வேலை வருகிறது என்று அர்த்தம்.

“சார், உங்கள வீடியோ எடுக்கணும்” என்றார்.

எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. குழந்தைகளுக்கு வரும் வலிப்பு நோயைப் பற்றி இத்தனை வருஷமாக நான் சேர்த்துவைத்த ஞானத்தைக் கடைசியில் உலகம் கேட்க வந்துவிட்டது என்று நினைத்தேன். எந்தச் சட்டையைப் போடலாம், பேச்சின் தொடக்கத்தில் யாரையெல்லாம் பெரிய மனதோடு மன்னிக்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம் சார். விழுந்து காட்டினா போதும்.”

அடுப்படியில் என் மனைவி எதையோ கீழே போட்டாள். சிரிப்பை அடக்கத்தான் போட்டிருப்பாள்.

பிரவீணா விளக்கினார். இப்போதெல்லாம் பெற்றோர்கள் குழந்தைக்கு வலிப்பு வரும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். டாக்டர் பார்க்கிறார், இன்ன வகை என்று சொல்கிறார், வேலை முடிந்தது. ஆனால் அந்தப் படங்களை மாணவர்களுக்கு வகுப்பில் போட்டுக் காட்ட முடியாது. “குழந்தைங்க முகத்த வெளியில காட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு சார். உங்க முகத்தக் காட்டினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

உண்மைதான். என் முகத்தைப் பற்றி எந்த அரசாங்கமும் இதுவரை ரூல் போட்டதில்லை.

வெளி ஆட்களுக்கு இது புரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த நோய்க்கு மருத்துவம் பார்க்கிறோமோ அந்த நோயை நாங்கள் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதே இல்லை. வலிப்பு வீட்டில் வரும், பள்ளிக்கூடத்தில் வரும், பஸ்ஸில் வரும். என் அறைக்குள் வரும்போது குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டு என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அம்மாவைக் கேட்டால், “அப்டியே இழுத்துச்சி சார்” என்பாள். எதை இழுத்தது, எந்தப் பக்கம் இழுத்தது, முதலில் கண்ணா, கையா, வாயா? இதைப் பொறுத்துத்தான் மாத்திரை. தப்பான மாத்திரை கொடுத்தால் சில வகை வலிப்பு குறைவதற்குப் பதிலாக ஏறிவிடும். அதனால் நாங்கள் நடித்துக் காட்டிக் கேட்போம். “இப்படியா? இல்லை, இப்படியா?” என்று கண்ணைச் செருகி, தலையை ஒரு பக்கம் திருப்பி, ஒரு கையை மட்டும் வெட்டி, சில சமயம் நாற்காலியிலிருந்து தொப்பென்று தரையில் விழுந்து கேட்போம். அம்மா பார்த்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில், “தோ, இதான் சார்!” என்பாள். செல்போன் வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் வலிப்புக்கு வீடியோ நான்தான்.

படித்த கதையைச் சொல்லி யாரையும் வாட்டப்போவதில்லை. எம்.பி.பி.எஸ்., குழந்தை மருத்துவம், அப்புறம் நரம்பியல் என்று இளமை முழுக்கப் பரீட்சை எழுதினேன். அந்த வருஷங்களில் குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை, மெஸ் சாம்பார் உட்பட. நடிப்பு மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சீஃப்.

சீஃப் ஒரு குள்ளமான அம்மாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்தாராம் என்று ஒரு வதந்தி மட்டும் எங்களுக்கு முந்திய பேட்ச்சில் இருந்தது. அவரிடம் போய், “மேடம், குழந்தைக்கு வலிப்பு” என்று ஆரம்பித்தால் கையை உயர்த்துவார்.

“வலிப்புன்னு சொல்லாதே. அது நான் சொல்ல வேண்டியது. நீ காட்டு.”

நான் சேர்ந்த முதல் நாள் அப்படிக் காட்டச் சொன்னார். பேரணாம்பட்டிலிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மா தன் பையனைக் கூட்டி வந்திருந்தார். வெளிநோயாளிகள் பிரிவில் அத்தனை பேர் நடுவே நான் பையனின் வலிப்பை நடிக்க வேண்டும், அந்த அம்மா சரிபார்க்க வேண்டும். தங்க மெடல் வாங்கியவன் என்ற மிதப்பில் கை, கால், கழுத்து எல்லாவற்றையும் உதறினேன். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

“இப்படித்தானா?” என்று சீஃப் கேட்டார்.

“இல்லம்மா. எம் புள்ள அழகா இழுப்பான். இவுரு கண்டமேனிக்கு இழுக்குறாரு.”

சீஃப் என்னைப் பார்த்து, “கை ஜாஸ்தி, முகம் கம்மி. மறுபடி பண்ணு” என்றார். அன்றைக்கு மத்தியானம் வரை மறுபடி மறுபடி பண்ணினேன். கடைசியில் அந்த அம்மா திருப்தியாகி, “இப்ப சரியா இருக்குது தம்பி, நீ நல்லா வருவ” என்று வாழ்த்திவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் தொழில் சான்றிதழ் அதுதான்.

போகப் போக நான் தேறிவிட்டேன். கொஞ்சம் கூடுதலாகவே தேறிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கமெல்லாம் என்னைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. “அந்த ஃபிட்ஸ் டாக்டர் இல்ல, அவருக்கே ஃபிட்ஸ் இருக்குதாம். அதான் அவ்ளோ நல்லா பாக்குறாரு.” நான் மறுக்கவில்லை. டாக்டருக்கே இருக்கிறதாம், அவரே வேலைக்கு வந்து போகிறாராம் என்றால் நம் பிள்ளையும் பிழைத்துக்கொள்வான் என்று அம்மாக்களுக்கு ஒரு தெம்பு வந்தது. வெளியில் சொல்லக் கூசி வீட்டுக்குள் ஒளித்துவைத்திருந்த பிள்ளைகளைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பேச்சுக்கு நான் கொடுத்த விலை என் கல்யாணச் சமயத்தில் தெரிந்தது.

பெண் வீட்டார் குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்தவர்கள். பெண்ணைப் பெற்றவர் காதுக்கு இந்தச் செய்தி போய்விட்டது. நியாயமான மனிதர். தரகரைக் கேட்காமல், நேரில் பார்த்துவிடலாம் என்று தறிக்கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி வேலூருக்கு வந்தார். சீட்டு வாங்கி, என் அறை வாசலில் உட்கார்ந்து, கதவு லேசாகத் திறந்த நேரத்தில் எட்டிப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை தரையில் கிடந்து வலது கையையும் காலையும் வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். நிற்கப் போகிற நேரத்தில் கையில் சாவி இருந்தால் பெயர் சாவிக்குப் போகும். எங்கள் மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான் பெயர் வாங்கியிருக்கின்றன. அவர் ஓடிவந்து தறிக்கொட்டகைச் சாவியை என் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் அதிர்ச்சியில் நடிப்பை நிறுத்திவிட்டேன். சட்டென்று நின்றதைப் பார்த்து அவருக்குச் சாவி மேல் இருந்த நம்பிக்கை பத்து மடங்கு ஆகிவிட்டது.

அப்புறம் நர்ஸ் வந்து விளக்கி, கல்யாணம் நடந்தது. ஆனாலும் கடைசிவரை என் மாமனார் முழுசாக நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து நான் நாற்காலியில் தூங்கிப் போனால் உள்ளங்கையில் ஏதோ ஜில்லென்று படும். கண்ணைத் திறந்தால், “ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா பத்திரமா வெச்சிருங்க” என்பார்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாக எல்லாருடைய வலிப்பையும் நடித்துக்கொண்டிருந்த என்னால் ஒரே ஒரு வலிப்பை மட்டும் நடிக்க முடியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எஸ்தர் என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் மெஷினில் வேலை. கணவர் தோல் பதனிடும் ஷெட்டில். ஒரே மகள் ஜெனி மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் என்னிடம் வந்தது வலிப்புக்காக அல்ல.

“சார், இவளுக்குத் திமிரு ஜாஸ்தியாயிடுச்சி. கம்மி பண்ண மாத்திர எதுனா இருக்குதா?”

“இன்னா பண்றா?”

“சிரிக்கிறா சார். க்ளாஸ்ல டீச்சர் பாடம் எடுக்கும்போது சிரிக்கிறா. ஜெபத்துல எல்லாரும் கண்ண மூடியிருந்தா சிரிக்கிறா. எங்கூட வேலை செய்றவ வூட்டுக்காரரு செத்துட்டாரு, பொணத்துப் பக்கத்துல நின்னு சிரிக்கிறா. ஏன்டி சிரிக்கிறேன்னு கேட்டா பதிலு சொல்ல மாட்டா. அடிச்சிக்கூடக் கேட்டுட்டோம். ஸ்கூல்ல டிசி வாங்கிட்டுப் போங்கன்னு சொல்ட்டாங்க. நான் வேலைக்குப் போனா இவள வூட்ல வெச்சிப் பூட்டிட்டுத்தான் போவணும். ரொம்பப் பேஜாரா கீது சார்.”

ஜெனி அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெட்டைச் சடை, புறங்கையில் ஸ்கேல் பட்ட தடம். நான் வழக்கம்போல என் ஆகிவந்த ஜோக்கை எடுத்துவிட்டேன். ஸ்டெதஸ்கோப்பை என் மண்டையிலேயே வைத்து, கவனமாகக் கேட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லியே!” என்பேன். குழந்தைகள் சுமாராகச் சிரிக்கும். ஜெனி கலகலவென்று சிரித்தாள். என் ஜோக்குக்கு அதுவரை எந்தக் குழந்தையும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘பாருங்கள், சாதாரணமான குழந்தை, நகைச்சுவை உணர்ச்சி அதிகம், அவ்வளவுதான்’ என்று எஸ்தரிடம் சொல்ல வாயெடுத்தேன். மறுபடி ஒரு தடவை ஸ்டெதஸ்கோப்பை மண்டையில் வைத்தேன். சிரிக்கவில்லை. சரி, பழைய ஜோக் என்று விட்டுவிட்டு மருந்துச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெனி மறுபடி சிரித்தாள்.

நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. குனிந்து மேஜைக்கு அடியில் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்த அதே சிரிப்பு. அதே சுருதியில் ஆரம்பித்து, அதே அளவுக்கு ஏறி, அதே இடத்தில் கத்தரித்த மாதிரி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாய்தான் சிரித்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் பயந்து போய் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான், என் ஜோக்குக்கு இந்தக் குழந்தை சிரிக்கவே இல்லை என்று புரிந்தது.

சீஃப் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் புதன்கிழமைகளில் வருவார். எங்களைத் திட்ட ஆள் வேண்டுமே. அன்று நல்லவேளையாகப் புதன்கிழமை. சீஃப் வந்து ஜெனிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். வார்டு சுற்றப் போகவில்லை, காபிக்குப் போகவில்லை. அடுத்த சிரிப்பு வந்தது. அது நடக்கும்போதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு சாக்லேட்டை நீட்டினார். ஜெனி வாங்கவில்லை. சிரிப்பு நின்றதும்தான் சாக்லேட்டைப் பார்த்தாள்.

எல்லாரும் அந்தக் குழந்தையிடம் ஏன் சிரிக்கிறாய் என்றுதான் கேட்டிருந்தார்கள். சீஃப் வேறு மாதிரி கேட்டார். “சிரிக்கும்போது உனக்கு எப்படிம்மா இருக்கும்?”

ஜெனி அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “நான் சிரிக்கல. அதுவா வருது.”

“வர்றதுக்கு முன்னாடி?”

“வவுத்துலேர்ந்து ஜில்லுன்னு ஏறும். பயமா இருக்கும்.”

எஸ்தர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அடிச்சேனே மேடம்” என்றாள். சீஃப் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். ஆறுதல் வார்த்தை அவருக்கு எப்போதும் வராது. மீதி இருந்த சாக்லேட்டை எஸ்தரிடம் கொடுத்தார்.

வலிப்பில் இப்படி ஒன்று உண்டு. கை வெட்டுவதற்குப் பதிலாகச் சிரிப்பு வெட்டும். மகிழ்ச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நேரில் பார்த்ததில்லை. பெருமைக்குப் போய் உடனே நடித்துப் பார்த்தேன். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அது இல்ல சார். உங்க சிரிப்புல சந்தோஷம் இருக்குது. அவளுதுல இருக்காது.”

மறுபடி பண்ணினேன். “இன்னும் இருக்குது சார்.”

“விடும்மா, இவனால முடியாது” என்றார் சீஃப்.

நிரூபிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனைக்கு ஏற்பாடு செய்தோம். அதற்கு முதலில் தலைக்கு எண்ணெய் இல்லாமல் குளிக்க வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஊர் அம்மாக்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று எண்ணெய் வைத்து வழித்துப் படிய வாரிக் கூட்டிவருவார்கள். எஸ்தரும் அப்படித்தான் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரிக் குழாயடியில் நானே ஷாம்பூ எடுத்துக் கொடுத்தேன். டெக்னீஷியன் டேப்பால் மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டை வரை அளப்பார், காதுக்குக் காது அளப்பார், சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளியையும் பஞ்சால் தேய்த்து, பசை வைத்து, குட்டித் தட்டு மாதிரி இருக்கும் மின்முனையை ஒட்டுவார். குழந்தை அழுதால் வியர்க்கும், வியர்த்தால் எல்லாம் நழுவும். அதனால் அங்கே எல்லாரும் மெதுவாகத்தான் பேசுவோம். எஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மகளிடம் சொன்னாள், “பயப்படாத ஜெனி. கம்பெனில தோலு மேல மார்க்கிங் போடுவாங்க இல்ல, அந்த மாதிரிதான்.” ஜெனி அசையாமல் உட்கார்ந்தாள். வேகமாக மூச்சு விட்டால் சில வலிப்பு கிளம்பும் என்பதால் ஊதச் சொன்னபோது காகிதக் காத்தாடியை ஊதினாள். நடுவில் இரண்டு தடவை சிரிப்பு வந்தது. பதிவான கோடுகளை ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை.

டாக்டர்கள் கூட்டத்தில் நான் இந்தக் கேஸைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருவர், “சிரிக்கிற குழந்தைக்கு மாத்திரை கொடுக்கிறீங்க, அழுகிற குழந்தைய என்ன பண்ணுவீங்க?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், நல்ல ஜோக்தான். அன்று முடியவில்லை. வெளியே எடுத்திருந்த தலை ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது.

ஸ்கேன் படத்தைச் சீஃப் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சும்மா எடுங்கன்னு சொன்னா சும்மாதான் எடுப்பாங்க. எங்க பாக்கணும்னு நீ சொன்னியா? மண்டையோட அடிப்பக்கம், நடுவுல, மெல்லிசு மெல்லிசா வெட்டி எடுக்கச் சொல்லு.”

எடுத்தோம். மூளையின் அடியில், பசியையும் தாகத்தையும் உடம்புச் சூட்டையும் கவனித்துக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில், அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே இருப்பது. புற்று இல்லை, வளரவும் வளராது. அவ்வளவு ஆழத்திலிருந்து கிளம்புவதால்தான் மண்டைக்கு மேலே ஒட்டிய மின்முனைகளுக்கு எட்டவில்லை.

மாத்திரைகள் அதை அசைக்கவில்லை. கட்டியை எடுக்க வேண்டும். இருக்கும் இடம் அப்படி, கத்தி கொஞ்சம் தப்பினால் ஞாபகசக்தி போகலாம், பார்வை போகலாம், உயிரும் போகலாம். ஒளிக்காமல் சொன்னேன். ஜெனியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “சிரிச்சிக்கினே இருக்கட்டும் சார். உயிரோட இருந்தா போதும்” என்றார். எஸ்தர் அவர் பக்கம் திரும்பினாள்.

“அவ சிரிக்கலன்றத நீ கேக்கவே இல்லியா? அவ தெனமும் பயந்துக்கினு கீறாய்யா.”

வேறு ஊரில், இந்தக் கட்டியில் கைதேர்ந்த ஒரு சர்ஜனிடம் அனுப்பிவைத்தோம். அனுப்பிவிட்டு நான் பட்ட பாட்டை என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன், ஆபரேஷன் நாள் முழுக்க மாமனாரின் தறிக்கொட்டகைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். அது ஏன் என் பையில் இருந்தது என்று இன்றுவரை எனக்கு நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. ஒரு ஆபரேஷன் போதாமல் அடுத்த வருஷம் இன்னொன்று செய்தார்கள். சிரிப்பு நின்றது.

அவர்கள் ஊருக்குத் திரும்பி வந்ததும் சீஃப் எஸ்தருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். “இனிமே அவ சிரிச்சா, ஏன்னு கேளு. பதில் வந்தா அது அவ சிரிக்கிறது. பதில் வரலேன்னா அன்னிக்கே இங்க கூட்டிட்டு வந்துடு.”

எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததற்காக அந்தக் குழந்தை அத்தனை அடி வாங்கியதோ அதே கேள்வி. ஆனால் அதைக் கேட்கும் சந்தர்ப்பம் எஸ்தருக்கு வரவே இல்லை. ஜெனி சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

படித்தாள், வளர்ந்தாள், முதல் மார்க் வாங்கினாள். சிரிப்பு மட்டும் கிடையாது. ஒவ்வொரு தடவை செக்கப்புக்கு வரும்போதும் எனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொல்வேன். மாமனார் கதையை நடித்தே காட்டினேன். “நல்லாருக்குது டாக்டர்” என்று மரியாதையாகத் தலையை ஆட்டுவாள். இவ்வளவு மரியாதையான ரசிகரிடம் மாட்டிக்கொண்ட கோமாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொஞ்சம் பெரியவளான பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். “உள்ள சிரிப்பு வர்ற மாதிரி இருக்கும் டாக்டர். அது அதுவா, இல்ல நானான்னு தெரியாது. அதான் கன்னத்த உள்பக்கமா கடிச்சி அடக்கிடுவேன்.”

எஸ்தர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டாள், “சார், அந்தக் கட்டியோட சேத்து அவ சிரிப்பையும் எடுத்துட்டாங்களா?”

“இல்லம்மா, அது அங்க இருக்கிறது இல்ல” என்று உறுதியாகச் சொன்னேன். உறுதியாகச் சொல்வது டாக்டர்களின் பழக்கம். உள்ளுக்குள் எனக்கு நிச்சயமில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பூச்செண்டையும் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போதுகூட அந்தக் கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

இனி பிரவீணாவின் வீடியோவுக்கு வருகிறேன். எடுக்க வேண்டிய வகைகளில் அந்தச் சிரிப்பு வலிப்பும் இருந்தது. “இத மட்டும் என்னால முடியாது, சரிபார்க்க ஆள் வேணும்” என்று எஸ்தருக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஜெனி இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில், புது டிசைனுக்கு மாதிரி தைக்கும் பிரிவில் இருக்கிறாள். ஓரமாக ஒரு நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தாள்.

என் பழைய அறையில் மேஜையை ஒதுக்கி, தரையில் பாய் விரித்து, பிரவீணா கேமராவை வைத்தார். கண் செருகல், கை வெட்டு, தலை திருப்பல் எல்லாம் ஒரே டேக்கில் ஓகே. அப்புறம் சிரிப்பு. எஸ்தர் எதிரே நின்றுகொண்டாள்.

“கண்ணு சிரிக்குது சார். அது வேணாம்.”

மறுபடி.

“இப்ப வாயும் போயிடுச்சி. பல்லு வலி மாதிரி இருக்குது சார்.”

மறுபடி. மறுபடி. “இன்னும் சந்தோஷம் இருக்குது சார்” என்று கடைசியில் கை விரித்துவிட்டாள். இத்தனை வயசுக்கு மேலும் ஒருவனுக்குள் விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வது? பிரவீணா பெருமூச்சு விட்டு, “சரி சார், கடைசியா அந்தத் திடீர்னு விழற வகைய எடுத்துட்டு முடிச்சிடலாம்” என்றார்.

அது என் சிறப்பு அயிட்டம். நாற்காலியிலிருந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழ வேண்டும். விழுந்தேன். அற்புதமாக விழுந்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை, இடுப்பு கேட்கவில்லை. பாயில் புரண்டு ஒரு கையை ஊன்றப் பார்த்தேன், அது வழுக்கிக்கொண்டு வெட்டியது. அந்த நேரம் பார்த்துக் கான்டீன் அம்மா டீத் தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர், என்னைத் தெரியாது.

“ஐயையோ! பெரியவருக்கு ஃபிட்ஸு!” என்று தட்டை அப்படியே பிரவீணாவின் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்த கான்டீன் கொத்துச் சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, என் விரல்களை மடக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “புடிங்க பெரியவரே! வுடாதீங்க! கெட்டியா புடிங்க!”

நானும் பழக்கதோஷத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஓரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் விக்கல் மாதிரி. அப்புறம் அடக்க முடியாமல் உடைந்து, பீறிட்டு, மூச்சுத் திணறி, கண்ணில் தண்ணீர் கொட்ட, ஜெனி நாற்காலியில் இரண்டாக மடிந்து சிரித்தாள். எஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் மகளின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏன்டி சிரிக்கிற?”

ஜெனியால் பேச முடியவில்லை. நான் தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கி அவள் வாயையே பார்த்தேன்.

“ஜெனி! ஏன்டி சிரிக்கிற? சொல்லுடி!”

ஜெனி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என்னைக் காட்டினாள்.

“அவர... பாரும்மா... அந்தச் சாவிய... வுடவே மாட்டேன்றாரு!”

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அவள் தோள்களைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், “ஏன்டி சிரிக்கிற, ஏன்டி சிரிக்கிற” என்று அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெனி ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.

இடுப்பு வலி உயிர் போயிற்று. ஆனாலும் நான் இன்னும் கொஞ்ச நேரம் சாவியை விடாமல் தரையிலேயே கிடந்தேன்.